பேரனுக்கு என்ன பேரு?

மாயாண்டி போய் மித்ரன் வந்துவிட்டான். எழுமலை வட்டாரத்துத் தொட்டில்களில் மாறிக்கொண்டிருக்கும் ஆண்பிள்ளைப் பெயர்களும், அவை பள்ளிக்கூடம் முதல் பாஸ்போர்ட் வரை இழுத்துவரும் வில்லங்கங்களும்.

உத்தரத்தில் அப்பத்தாவின் பழைய நூல்சேலையால் கட்டிய தொட்டில். உள்ளே முப்பது நாள் ஆண்பிள்ளை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. தாய்மாமன் வாங்கிவந்த வெள்ளி அரைஞாணும் காப்பும் தாம்பாளத்தில் இருக்கின்றன. சீனித்தண்ணீர் கரைத்தாயிற்று. காதில் மூன்று முறை சொல்ல வேண்டிய பெயர்தான் இன்னும் முடிவாகவில்லை.

“மொதப் பேரன். எங்கய்யா பேருதான். மாயாண்டி. இதுல என்ன ரோசனை?” என்கிறார் தாத்தா. அப்பத்தா தலையை மட்டும் ஆட்டுகிறார். அது அவருடைய மாமனார் பெயர்; வாழ வந்த நாளிலிருந்து அதை அவர் வாயால் சொன்னதில்லை. “ஸ்கூல்ல சிரிப்பாய்ங்கப்பா” என்று பிள்ளையின் தகப்பன் முனகுகிறான். பிள்ளை பரணி நட்சத்திரம். லி, லு, லே, லோ, இந்த நாலில் ஒன்றில் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த தாள் தாயின் தலையணைக்கடியில் இருக்கிறது. அவள் கைபேசியில் ‘லோ’ வரிசைப் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாய்மாமன் வேறு கணக்கோடு வந்திருக்கிறார். என்ன பெயரானாலும் சரி, இங்கிலீஷில் எழுதினால் கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும்.

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் பக்கம் இருக்கும் எழுமலையிலும் அதைச் சுற்றிய உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கத்து ஊர்களிலும் எந்த வீட்டில் தொட்டில் கட்டினாலும் ஏறக்குறைய இதே பஞ்சாயத்துதான். இரண்டு தலைமுறைக்கு முன்னால் இதற்கு இடமே இல்லை. பெயர் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. பிள்ளை வந்து சேர வேண்டியதுதான் பாக்கி.

சாமி கொடுத்த பேர்

மூத்தவனுக்கு அப்பனைப் பெற்றவர் பெயர், இளையவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர். அதற்கு மேல் பிறந்தால் குலசாமியோ நேர்ந்துகொண்ட சாமியோ. பாப்பாபட்டி ஒச்சாண்டம்மனைக் கும்பிடுகிற வீட்டில் ஒச்சப்பன். கருமாத்தூர்ப் பக்கம் விருமாண்டி, விருமன். கருப்பசாமி எல்லை எங்கும் நிற்பதால் கருப்பனும் எங்கும் உண்டு: பெரியகருப்பன், சின்னக்கருப்பன், முத்துக்கருப்பன். சாப்டூர் வழியாகச் சதுரகிரி ஏறி வந்தவர்கள் வீட்டில் மகாலிங்கம். அழகருக்கு முடியிறக்கியவர்கள் வீட்டில் அழகர்சாமி. மதுரை நகரத்து வீடுகளில் சொக்கலிங்கமும் மீனாட்சிசுந்தரமும். அம்மன் பெயரை முன்னால் வைத்து ஆண்பிள்ளையைக் கூப்பிடுவது மதுரையின் மரியாதை. மகாசிவராத்திரிக்கு உசிலம்பட்டியிலிருந்து பாப்பாபட்டிக்குச் சாமிப் பெட்டி போகிற கூட்டத்தில் நின்று “டேய் கருப்பா” என்று ஒரு குரல் கொடுத்தால் எத்தனை தலை திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு கருப்பனுக்கும் ஒரு பட்டப்பெயர் தேவைப்பட்டது.

வீட்டுக்குள் இன்னொரு சிக்கல் இருந்தது. மாமனார் பெயரை மருமகள் சொல்லக்கூடாது. அதே பெயர் வைத்த பிள்ளையை அவள் எப்படிக் கூப்பிடுவாள், எப்படித் திட்டுவாள்? அதற்காகக் ‘கூப்பிடுற பேர்’ ஒன்று உண்டானது. தங்கம், ராசா, துரை, அப்பு என்று ஏதோ ஒன்று. ஊரறிந்த பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுதியது ஒன்று என்று இரண்டு பெயரோடு வாழ்ந்து முடித்தவர்கள் இங்கே ஏராளம்.

எழுமலை வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். மாயாண்டி, விருமன், பெரியகருப்பன், மாயக்காள் என்று அங்கே நினைவுகூரப்படும் பெயர்கள் கோயில் வாசலிலிருந்து வந்தவை. அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏறுவதே அன்றைக்கு அந்த ஊர்களுக்குத் தண்டனை. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. இன்று அதே ஊர்க்காரர்கள் பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வரிசையில் நிற்கிறார்கள்.

2022இல் வந்த ‘கடைசி விவசாயி’ படத்தின் நாயகர் பெயரும் மாயாண்டிதான். அந்த வேடத்தில் நடித்த பெரியவர் நல்லாண்டிக்கு, அவர் மறைந்த பிறகு, தேசிய விருதுகளில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. படம் பார்த்துக் கண்கலங்கியவர்களில் எத்தனை பேர் பிள்ளைக்கு மாயாண்டி என்று வைத்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மூக்கு குத்திய பையன்கள்

பழைய பெயர்கள் போனதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. முதல் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், மூன்றாவது ஆணாகவே இருந்தாலும் மூக்குக் குத்தி மூக்கன், மூக்கையா என்று பெயர் வைத்தார்கள். குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்துக் குப்பன், குப்புசாமி. பிச்சை, பிச்சைமுத்து எல்லாம் அந்த வகையே. பக்கத்து வீட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவதும் உண்டு. “ஒன்னையத் தவுட்டுக்குத்தான் வாங்குனோம்” என்று பிள்ளைகளைச் சீண்டுகிற பேச்சு அதன் மிச்சம். வேண்டாத பிள்ளை என்று நினைத்துக் காலன் விட்டுவிட்டுப் போவான் என்பது கணக்கு.

அந்தப் பெயர்களை யாரும் இளக்காரமாகப் பார்க்கவில்லை. பாப்பாபட்டியில் 1923இல் பிறந்த பி.கே. மூக்கையாத் தேவர் நெடுங்காலம் உசிலம்பட்டியின் சட்டமன்ற உறுப்பினர். 1971இல் ராமநாதபுரத்திலிருந்து மக்களவைக்குப் போய், 1974இல் கச்சத்தீவு ஒப்பந்தத்தை அங்கே எதிர்த்துப் பேசியவர்.

தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் போனவர்கள் 1970களின் தொடக்கத்தில் நூறுக்கும் மேல். 2020 கணக்கில் அது 13. தடுப்பூசியும் ஆரம்ப சுகாதார நிலையமும் வந்த பிறகு காலனை ஏமாற்றப் பெயர் தேட வேண்டிய அவசியம் போய்விட்டது. மண்மணம் போச்சே என்று அங்கலாய்க்கிற பட்டணத்து எழுத்தாளர்கள் இந்தப் பெயர்களுக்காக அழ வேண்டாம். ஒவ்வொரு மூக்கையாவுக்கும் முன்னால் பெயர் வைக்கப்படாத பிள்ளைகள் இருந்தார்கள்.

போஸ் என்றொரு தமிழ்ப் பெயர்

சாமிக்கு அடுத்து வந்தவர்கள் தலைவர்கள். 1939இல் சுபாஷ் சந்திரபோஸ் காங்கிரஸ் தலைவர் பதவியிலிருந்து விலகி ஃபார்வர்டு பிளாக் தொடங்கினார்; அதே ஆண்டு மதுரைக்கும் வந்தார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் வழியாக அந்தக் கட்சி இந்தச் சீமையில் வேர்பிடித்தது. வங்காளத்தில் குடும்பப் பெயராக இருக்கிற ‘போஸ்’ இங்கே ஆளின் பெயரே ஆகிவிட்டது. டீக்கடையில் நின்று “போஸண்ணே” என்று கூப்பிட்டால் யாராவது திரும்புவார்கள். முத்துராமலிங்கம் இல்லாத தெருவும் குறைவு. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் பெயரை வைத்த வீடுகள் மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. மு.க. ஸ்டாலின் பெயர் வந்த கதை எல்லோரும் அறிந்தது: 1953 மார்ச் 1இல் அவர் பிறந்தார், மார்ச் 5இல் சோவியத் தலைவர் இறந்தார்.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டின் பள்ளிப் பதிவேடுகள் அதை ஏறக்குறைய நிறைவேற்றிவிட்டன. ஆனால் காதுகுத்துக்கு அடிக்கிற ஃப்ளெக்ஸ் அதை மதிப்பதில்லை. பிறப்புச் சான்றிதழில் வெறும் மித்ரனாக இருக்கும் ஒரு வயதுப் பையன், பஸ் ஸ்டாண்டு பேனரில் சாதிப் பட்டத்தோடு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறான்.

பேனர் இல்லாத வீடுகளின் கதையையும் சொல்ல வேண்டும். காலனியில் பிறந்தவனுக்குக் கருப்பசாமி என்று வைத்தாலும் ஊர்க்காரர் வாயில் அது கருப்பன். முனுசாமி என்றாலும் முனியன். அறுபது வயதானாலும் ‘டேய்’தான். அந்த வீடுகளில் அம்பேத்கர், லெனின், ராஜ்குமார் என்றெல்லாம் பெயர்கள் வந்தபோது, புதுமோகம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. வெட்டிச் சுருக்கிக் கூப்பிட முடியாத ஒரு பெயரைத் தேடினார்கள் என்பதே எனக்குப் படுகிற காரணம். பாட்டன் பெயரை விடுவது சிலருக்கு இழப்பு, சிலருக்கு விடுதலை.

‘லோ’வில் ஏது தமிழ்?

தாத்தா கையிலிருந்து பிடுங்கிய உரிமையை இன்றைய பெற்றோர் யாரிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. முதல் பங்கு பஞ்சாங்கத்துக்கு. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், பாதத்துக்கு ஓர் எழுத்து. அசுவினிக்கு சு, சே, சோ, லா. பரணிக்கு லி, லு, லே, லோ. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. வடமொழி எழுத்து வரிசைக்கென்று போட்ட அட்டவணை இது. ல, ர, ட எழுத்துகள் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது என்பது தொல்காப்பியக் காலத்து விதி. அப்படியானால் பரணியில் பிறந்த பிள்ளைக்குத் தமிழ்ப் பெயர் வைக்க வழியே இல்லை. லோகேஷ், லோகித், லிகித் என்று எல்லாப் பரணிப் பிள்ளைகளும் ஒரே குழியில் விழுகிறார்கள். ஒரு வகுப்பில் மூன்று லோகேஷ் இருந்தால் அதற்குப் பஞ்சாங்கமே பொறுப்பு. மூன்று கருப்பன் இருந்த காலத்திலாவது ஆளுக்கொரு பட்டப்பெயர் இருந்தது.

மற்ற மதத்தார் வீடுகளில் இந்த எழுத்துத் தொல்லை இல்லை. முஸ்லிம் வீடுகளில் காதில் பாங்கு சொல்லி, ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைக்கிறார்கள். கத்தோலிக்க வீடுகளில் இக்னேஷியஸ் இன்னாசியாகவும் சேவியர் சவரிமுத்துவாகவும் இந்த மண்ணில் உருண்டு திரண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பேரன்மார் இப்போது ஜோவின், ரயான்.

தமிழ்ப் பெயர் தேடும் இளம் பெற்றோரும் கூடி வருகிறார்கள். கவின், இனியன், ஆதவன், அகரன். இதற்கும் மதுரைப் பக்கத்தில் ஒரு பாட்டன் உண்டு. விளாச்சேரியில் 1870இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி தன் பெயரைப் பரிதிமாற்கலைஞர் என்று ஆக்கிக்கொண்டார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட வேதாசலம், மறைமலையடிகள் ஆனார்.

என்னைக் கேட்டால், கைபேசிச் செயலியில் தேடுவதற்கு முன் தாத்தா பெயரை ஒரு முறை உதறிப் பார்க்கலாம். மாயாண்டி வேண்டாமா, மாயன் இருக்கிறான். விருமாண்டிக்குள் விருமன், 2022இல் அந்தப் பெயரில் கார்த்தி நடித்த படமே வந்துவிட்டது. சொக்கலிங்கத்துக்குள் சொக்கன், அழகர்சாமிக்குள் அழகன். மூன்று நான்கு எழுத்து, வாய்க்கு லகு, வகுப்பில் இன்னொருவன் இருக்க மாட்டான். ‘ஓல்டு’ என்று முகம் சுளிப்பவர்கள் இந்தப் பெயர்களின் பக்கத்தில் மித்ரனை வைத்து உரக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒரு ‘எச்’ செய்யும் வேலை

இரண்டாவது பங்கு எண் கணிதத்துக்கு. கீரோ என்ற மேல்நாட்டு ஜோதிடர் பரப்பிய முறை. 1950களில் பண்டிட் சேதுராமனின் ‘அதிர்ஷ்ட விஞ்ஞானம்’ வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் வந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு. 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. கூட்டுத்தொகை சரியாக வரவில்லையென்றால் 5 மதிப்புள்ள ஒரு எச்சோ 1 மதிப்புள்ள ஒரு ஏ-யோ நுழைக்கப்படும். சொல்லும்போது அதே பெயர்தான். எழுதும்போதுதான் வினை ஆரம்பம்.

மருத்துவமனைக் காகிதத்தில் தாய் பெயரோடு ‘பேபி’. பிறப்புச் சான்றிதழில் ஒரு எச். ஆதார் மையத்தில் தட்டச்சு செய்தவர் அதை விட்டுவிட்டார். பால்வாடி ஆயா எழுதிக்கொண்டது கூப்பிடுற பேர். பள்ளியில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அது பின்னால். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரும்போது ஒரே பையன் காகிதத்தில் மூன்று ஆள். ஆதாரில் பெயர்த் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான். ஒன்று குழந்தைப் பருவத்திலேயே செலவாகிவிட்டால் மிச்சம் ஒன்று.

இனிஷியலால் வரும் தொல்லை வேறு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து போதும். அது நல்ல ஏற்பாடு, சாதியை வாசலில் நிறுத்திவைத்த ஏற்பாடு. ஐஸ்லாந்துக்காரர்களும் ஏறக்குறைய இப்படித்தான், அப்பா பெயரோடு மகன் என்று சேர்த்துக்கொள்கிறார்கள். மலேசியத் தமிழர்களுக்கு மலாய் மொழியில் ‘இன்னாரின் மகன்’ என்று இரண்டு எழுத்துச் சுருக்கம் இருக்கிறது. ஆனால் பாஸ்போர்ட் விண்ணப்பம் குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டவர்களை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் திகைக்க வைத்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு இறங்கி வந்தார்கள். மழையை நம்பி வெள்ளாமை செய்கிற இந்த வட்டாரத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை. எண் கணிதக்காரர் நுழைத்த எச் அதிர்ஷ்டம் கொண்டுவருமோ இல்லையோ, விமான நிலையத்தில் கேள்வி கொண்டுவரும்.

> பதிவேட்டில் பெயர்
>
> பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பதிவு நடப்பது பிறந்த இடத்தில். எழுமலைக்காரர் பிள்ளை உசிலம்பட்டி அரசு மருத்துவமனையில் பிறந்தால் சான்றிதழும் அங்கிருந்துதான்.
>
> பெயர் முடிவாகாவிட்டாலும் பிறப்பைப் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் 200 ரூபாய்.
>
> ஒரு முறை ஏறிய பெயரை, மனம் மாறிவிட்டது என்பதற்காக மாற்ற முடியாது. பெரியவனான பிறகு பெயர் மாற்றம் என்றால் அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும்.
>
> 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான சான்று இந்தச் சான்றிதழ்தான்.

போதும்பொண்ணு

ஆண்பிள்ளைப் பெயரைப் பற்றி உசிலம்பட்டிப் பக்கம் உட்கார்ந்து எழுதும்போது ஒரு பெண் பெயரைத் தாண்டிப் போக முடியாது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், அடுத்ததாவது பையனாகட்டும் என்று அவளுக்கு வைத்த பெயர் போதும்பொண்ணு. பிள்ளையின் நட்சத்திரம், எழுத்து, கூட்டுத்தொகை, குலசாமி எதையும் யாரும் பார்க்கவில்லை. இன்னும் பிறக்காத தம்பிக்கான வேண்டுதலை அவள் ரேஷன் கார்டிலும் ஓட்டர் ஐடியிலும் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறாள்.

அப்படியாவது பெயர் கிடைத்தவள் பிழைத்தவள். பெண்சிசுக் கொலையால் 1986இல் உசிலம்பட்டி நாடு முழுவதும் பேசப்பட்டது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை மாவட்டத்துக்கும் வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் பையன்களுக்கு 943 பெண்பிள்ளைகள். பத்தாண்டு முன்பு 942. ஆண்பிள்ளைக்குப் பெயர் தேடி மூன்று மாதம் சண்டை போடுகிற குடும்பம், அவனுடைய அக்காவுக்கு எத்தனை நாளில் பெயர் வைத்தது என்று கேட்டால் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்துவிடும். இப்போது பெண்பிள்ளைகளுக்கும் அதே அக்கறையோடு செயலியில் தேடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை நல்ல சண்டை.

பெயர் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முடிவு செய்த பெயரை ஒரு தாளில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி, இனிஷியலா, அப்பாவின் முழுப் பெயரா, முன்னாலா பின்னாலா என்பதையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். வீட்டில் உள்ள மூத்த கிழவியைத் தெருவாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவர் வாயில் நுழையாத பெயர் அரசு அலுவலகத்துக் கணினியிலும் ஒழுங்காக நுழையாது. பிறகு அந்தத் தாளில் உள்ள எழுத்தையே பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சேர்க்கை மூன்றிலும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஏற்றுங்கள். பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்கு முன்னால் பெயரைப் பதிந்துவிட்டால் கட்டணம் ஏதும் கிடையாது.